தேவாரத்து எண்ணெயும் ஜெபமணியின் கோழிகளும்

தேவாரம் ஊரில் காதுகுத்து விருந்து சாப்பிட்டவர்களுக்குக் கால் விழுகிறதாம் என்ற பேச்சு தேனி கடைவீதிக்கு வந்து சேர்ந்தபோது, ஜெபமணி கல்லூரியில் தவளையின் தொடைத் தசையை மாணவிகளுக்குப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அது 1967ஆம் வருஷம். விலங்கியல் ஆசிரியை அவள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்துவந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துபோய், 'அதுக்குத் தவளையும் வேதப்புத்தகமும் போதும்' என்று விட்டுவிட்டிருந்தார்கள். அப்பா ஞானதுரைக்குக் கடைவீதியில் எண்ணெய் மண்டி. மண்டிக்குப் பின்னாலேயே வீடு. தலையணை உறையில்கூடக் கடலையெண்ணெய் வாசம் அடிக்கும்.

அன்று சாயங்காலம் டாக்டர் செல்லப்பாண்டி வீட்டுக்கு வந்தார். அதே கடைவீதியில் பிறந்து வளர்ந்து, கம்பம் பக்கத்தில் அரசு ஆஸ்பத்திரி டாக்டராக இருந்தவர். ஜெபமணி அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். கையில் ஒரு எண்ணெய்த் தகரத்தைத் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"என்னண்ணே, இளம்பிள்ளை வாதம்னு பேசிக்கிறாகளே?"

"இளம்பிள்ளை வாதம்னா பிள்ளைகளுக்குல்ல வரணும்? அங்க பிள்ளைகளெல்லாம் ஓடியாடித் திரியுதுக. பெரியாளுகதான் விழுந்து கெடக்காக. காய்ச்சல் இல்ல. ஊசியால குத்துனா 'ஆத்தாடி'னு கத்துறாக, வலி தெரியுது. ஆனா பாதத்தத் தூக்க முடியல. தொங்குது."

விருந்தன்று ராத்திரி கொஞ்சம் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் சரியாகிவிட்டது. கறி கெட்டுப்போயிருக்கும் என்று மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் எல்லோரும் காட்டு வேலைக்குப் போனார்கள், தண்ணீர் எடுத்தார்கள், சண்டை போட்டார்கள். ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் கெண்டைக்கால் பிசைந்தெடுக்க ஆரம்பித்தது. பாதம் மரத்தது. ஒருவர் பின் ஒருவராகக் கால் மடங்கி விழுந்தார்கள். சிலருக்குக் கை மணிக்கட்டும் தொங்கிப்போனது. குலசாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் காது குத்திவிட்டார்கள், அதுதான் என்றது ஊர்.

"விருந்துல மிஞ்சுன எண்ணெய் இது. மெட்ராசுக்குக் கொஞ்சம் அனுப்பிட்டேன். பதில் வர்றதுக்குள்ள அடுத்த மழையே வந்துரும். உன்கிட்ட எலி இருக்குல்ல ஜெபம்? குடுத்துப் பாரேன்."

உள்ளேயிருந்து வந்த ஞானதுரை தகரத்தைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் அவர் மண்டியின் முத்திரை இருந்தது.

"நம்ம கடைச் சரக்குதான் தம்பி" என்றார். மறுநாள் காலையில் எண்ணெய்க் கிட்டங்கியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். முடிவு தெரியும்வரை ஒரு சொட்டு விற்கப்போவதில்லை என்று வாடிக்கைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்.

ஜெபமணி கல்லூரி எலிகளுக்கு அந்த எண்ணெயைக் கொடுத்தாள். எலிகள் குடித்தன, கொழுத்தன, கூண்டுக்குள் சாடிச் சாடி விளையாடின. ஒரு மாதம் பார்த்தாள். ஒரு எலிக்கும் நடை பிசகவில்லை. எண்ணெயில் குற்றமில்லை என்றாகிவிட்டது. வீட்டில் அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள். ஞானதுரை மட்டும் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

"எலி நல்லாருக்கு, சரி. அப்ப அவுகளுக்கு ஏன் கால் போச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் ஜெபமணியைத் தேவாரத்துக்குப் பஸ் ஏற்றியது.

விருந்து நடந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ராமுத்தாயைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. கடலைக்காட்டுக்குப் போய்விட்டு வரும் வழியில், காலில் போட்டிருந்த செருப்பு எப்போது கழன்று விழுந்தது என்று தெரியாமலே அவள் நடந்து வந்திருக்கிறாள். பின்னால் வந்தவள்தான் எடுத்துக்கொடுத்தாளாம். அடுத்த வாரம் படுக்கையில் விழுந்தாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று போட்டு, இரண்டு எட்டு வைத்துக் காட்டினாள்.

"இப்படித்தான் டீச்சர். தண்ணிக்குள்ள நடக்குற கொக்கு மாதிரி." சிரிக்க முயன்றாள். புருஷன் ஒச்சாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான்.

ஜெபமணி அவள் பாதத்தை மடியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். சூடாக இருந்தது. ரத்தம் ஓடியது. விரல்களை அசைக்கச் சொன்னாள். ராமுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். அசையவில்லை. உயிரோடு இருக்கிற பாதம் தன் சொந்தக்காரியின் சொல்லைக் கேட்கவில்லை.

கிளம்பும்போது கொல்லைப்பக்கம் ஜெபமணியின் கண்ணில் அது பட்டது. குப்பைமேட்டோரம் மூன்று கோழிகள் உட்கார்ந்திருந்தன. கோழி உட்காருகிற விதமாக இல்லை அது. மனிதன் குத்தவைப்பதுபோலக் கணுக்காலைத் தரையில் ஊன்றி, விரல்கள் சுருண்டு, இறக்கையை விரித்து முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தானியம் போட்டால் கொத்தத் தலை வந்தது. கால் வரவில்லை.

"இதுகளுக்கு என்ன?"

"கோழிச்சீக்குதான் டீச்சர். எச்சில் இலைய எல்லாம் இங்கனதான கொட்டுனாக. ஒடைஞ்ச வடை, அப்பளம், அடிமண்டி எண்ணெய் எல்லாத்தையும் கொத்தித் தின்னுச்சுக. குஞ்சுகளும் சேந்துதான் தின்னுச்சு. ஆனா அதுகளுக்கு ஒண்ணும் ஆகல பாருங்க."

அரைவளர்த்தியாகிவிட்ட அந்தக் குஞ்சுகள், விழுந்து கிடந்த தாயைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. ஜெபமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, பெரியவர்கள் விழுந்தார்கள் என்று டாக்டர் சொன்னது அப்படியே கண்முன்னால் கோழி உருவத்தில் நடந்துகொண்டிருந்தது. மூன்று கோழிகளையும் கூடையில் போட்டு மூடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் கோழிக்குத் தனி டிக்கெட் என்றான். அவள் காதில் அது விழவில்லை.

கிட்டங்கிக்குப் பின்னால் சும்மா கிடந்த தகரக் கொட்டகையில் அந்த மூன்றோடு புதுக் கோழிகளும் வந்து சேர்ந்தன. பண்ணைப்புரத்துச் சந்தையில் வாங்கிய நல்ல முட்டைக்கோழிகள். பாதிக்கு நல்ல எண்ணெய், பாதிக்குத் தேவாரத்து எண்ணெய். அளந்து பீச்சாங்குழலால் தொண்டையில் விட்டாள். அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அந்த நாட்களைப் போல அவள் வாழ்க்கையில் வேறு நாட்கள் வந்ததில்லை. விடிந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைக் கதவைத் திறப்பாள். கோழிகள் நின்றுகொண்டிருந்தால் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வரும். அடுத்த நிமிஷமே அந்த நிம்மதி வெட்கமாக மாறும். விழாவிட்டால் தேவாரத்துக்காரர்களுக்கு விடை கிடையாது. விழுந்தால் அப்பா. எதற்காக ஜெபம் பண்ணுவது என்று தெரியாமல் முழங்காலில் சும்மா இருப்பாள்.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு வெள்ளைக் கோழி கூண்டின் மூலையிலிருந்து வரத் தயங்கியது. வந்தபோது ஆடிக்கொண்டு வந்தது. மறுநாள் கணுக்காலில் உட்கார்ந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக. நல்ல எண்ணெய் குடித்த கோழிகள் பக்கத்துக் கூண்டில் முட்டையிட்டுக் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

ஜெபமணி அப்பாவைக் கூப்பிட்டாள். ஞானதுரை கொட்டகை வாசலில் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இது தேவாரத்து எண்ணெய் குடிச்சதா?"

"ஆமாப்பா."

"கோழி விழுந்தா நம்ம கடையும் விழுந்துரும்னு யோசிச்சு யோசிச்சுத்தான இத்தன நாளா என் முகத்தப் பாக்காமத் திரிஞ்ச?"

அவள் தலை குனிந்தாள்.

"கோழி விழுகுறதுக்கு முன்னாலயே மனுசன் விழுந்துட்டான்த்தா. கடையா பெருசு?"

சாவியை எடுத்துக்கொண்டு போனார். கிட்டங்கிக்குள் இரும்பு உருளும் சத்தம் கேட்டது. மூலையில் கிடந்த ஒரு டிரம்மைத் தானே உருட்டிக்கொண்டு வந்து கொட்டகை முன்னால் நிறுத்தினார். திருவிழாச் சமயத்தில் டிரம் பற்றாமல், வடக்கே எங்கிருந்தோ ஏலத்தில் வந்த பழைய டிரம்களை வாங்கியிருந்தார். சலவைச் சோடாவும் வெந்நீரும் ஊற்றிக் கழுவித்தான் எண்ணெய் நிரப்பினார். இந்த டிரம்மிலிருந்து அதுவரை எடுத்த தகரங்கள் தேவாரத்து விருந்துக்குப் போனவை மட்டும்தான். அந்த டிரம் முன்பு எந்த ஆலையில் எந்த மெஷின் எண்ணெயைச் சுமந்தது என்று அவருக்குத் தெரியாது. மெட்ராஸ் பரிசோதனைச் சாலை பிற்பாடு சொன்னது: மெஷின் எண்ணெயில் சேர்க்கிற ஒரு பாஸ்பேட் மருந்து. நிறமில்லை, வாசமில்லை, ருசியில்லை.

ஞானதுரை தேவாரத்துக்குத் தானே போய், ஊர் மந்தையில் நின்று சொன்னார். "எண்ணெய் என்னுது. தெரியாம நடந்துச்சு. ஆனா நடந்துச்சு." ஒச்சாண்டி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். பொத்தான் தெறித்தது. அவர் கையை உயர்த்தவில்லை. வழக்கு நடந்து, அறியாமல் நேர்ந்தது என்று கோர்ட் அவரை விட்டது. அவரோ எண்ணெய் வியாபாரத்தை அன்றோடு விட்டார். மண்டி இருந்த இடத்தில் தவிடு, புண்ணாக்கு, கோழித்தீவனம் விற்றார். நடக்கக் கோல் செய்துகொடுப்பதும் வைத்தியத்துக்கு வண்டி பிடித்துக்கொடுப்பதுமாக அவருடைய தேவாரம் போக்குவரத்து நிற்கவேயில்லை.

இதோடு கதை முடிந்திருக்கலாம். என்ன விஷம், எப்படி வந்தது, எல்லாம் தெரிந்துவிட்டது. டாக்டர் செல்லப்பாண்டிகூட, "போதும் ஜெபம், கோழியெல்லாம் கொழம்பு வெச்சிராத, அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

ஆனால் ஜெபமணிக்கு ஒன்று புரியவில்லை. விருந்துக்கும் விழுந்ததற்கும் நடுவில் அந்த இரண்டு வாரம் என்ன நடந்தது? விஷம் சாப்பிட்ட மனிதர்கள் காட்டுக்குப் போனார்களே, தண்ணீர் சுமந்தார்களே! கோழிகளும் அப்படித்தான். மருந்து உள்ளே போன மறுநாள் சேவலை விரட்டுகிறது, மண்ணைக் கிளறுகிறது. அப்போது அந்த உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது?

அதைப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. நடந்துகொண்டிருக்கும் கோழிகளை ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொன்றாக அறுத்து, முதுகெலும்பிலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்பை முழுசாக எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, வெள்ளி உப்பில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளி நரம்பில் மட்டும் கறுப்பாகப் பிடிக்கும். சொல்ல எளிது. முதல் வருஷம் முழுக்க வெள்ளி எல்லா இடத்திலும் பிடித்து, சீவலை ஒட்டிய கண்ணாடிச் சில்லெல்லாம் கரிச்சட்டியாக இருந்தது. தண்ணீரைக் காய்ச்சி வடித்துப் பார்த்தாள். சூட்டை மாற்றிப் பார்த்தாள். வகுப்பு முடிந்த சாயங்காலங்களும் விடுமுறைகளும் அதிலேயே போயின.

பிடிக்க வேண்டிய இடத்தில் வெள்ளி பிடித்த அன்று, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை. பொன் நிறப் பரப்பில் கறுப்புக் கோடுகள். தறியில் பாவு போட்டதுபோல வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று சிக்காமல் ஓடின. ஒரு கோழிக்காலுக்குள் இவ்வளவு ஒழுங்கா? மண்ணைக் கிளறி, புழுவைத் தேடி, குப்பையில் நடக்கிற காலுக்கா இப்படி ஒரு நெசவு? வேதப்புத்தகத்துச் சங்கீதத்தில் ஒரு வசனம் அவள் வாயில் தானாக வந்தது. பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டேன்.

பிறகு விஷம் குடித்த கோழியின் சில்லை வைத்தாள். அறுக்கிற நாள் காலைவரை துள்ளி ஓடிக்கொண்டிருந்த கோழி அது. இடுப்புப் பக்கம் நரம்பு பழுதில்லை. தொடையிலும் பழுதில்லை. முழங்காலுக்குக் கீழே வந்தாள். பாதத்தை நெருங்க நெருங்க, கறுப்புக் கோடுகள் அறுந்த பாசிமணிபோலத் துண்டு துண்டாகக் கிடந்தன.

நுனியிலிருந்து செத்துக்கொண்டு வருகிறது. கோழிக்கு இன்னும் தெரியாது. யாருக்கும் தெரியாது. வேர் நன்றாக இருக்கிறது, நடை நன்றாக இருக்கிறது. நுனி போய்விட்டது.

அன்று இரவு சாப்பாட்டில் அப்பாவிடம் அதை அவள் தன் பாஷையில் விளக்கப் போனாள். ஞானதுரை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அப்ப தலைமடையில தண்ணி இருக்கு. கடைமடைக்கு வந்து சேரல. அதான?"

"அதேதான்ப்பா. நீளமான வாய்க்கால் எதுவோ அதுதான் முதல்ல காயுது. காலு, அப்புறம் கை. பிள்ளைகளுக்கு வாய்க்கால் குட்டை. அதனாலதான் தப்பிச்சாகளோ என்னவோ. அது இன்னும் நிச்சயமாத் தெரியல."

"நாம நடந்துக்கிட்டே இருப்போம். உள்ள காஞ்சுக்கிட்டே வரும்." அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. "ஆண்டவரே."

கோழிகளைக் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. ராமுத்தாயைக் கேட்டவர் ஞானதுரைதான். கோலூன்றி நடக்கும் அளவுக்கு அவள் தேறியிருந்தாள். ஒச்சாண்டி முதலில் முறைத்தான். பிறகு அவனும் தேனிக்கே வந்து, லாரி செட்டில் வேலைக்குச் சேர்ந்தான். கோழிகளுக்குத் தீவனம் வைப்பதும் கூண்டு கழுவுவதும் ராமுத்தாய் வேலை. முதல் முறை ஒரு கோழி விழுந்தபோது அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"இதுக்குத் தெரியுமா டீச்சர், எதுக்கு விழுகுதுன்னு?"

"தெரியாது ராமு."

"எனக்கும் அப்பத் தெரியலயே" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோழிக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர்க் குவளையைத் தாழ்வாக வைத்தாள்.

நாலு வருஷ உழைப்பைக் கல்லூரி ஆபீஸ் டைப்ரைட்டரில் தட்டிக் கட்டுரையாக்கினாள். மெட்ராசுக்குப் போய் நூலகத்தில் தேடியபோதுதான், கோழிக்கு இந்த விஷம் ஏறும், எலிக்கு ஏறாது என்பதை வெளிநாட்டில் நாற்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள் என்று தெரிந்தது. குப்பைமேட்டில் மயிர்க்கூச்செறிந்தது தனக்கு மட்டும் புதிது என்று தெரிந்து, நூலகத்துப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆனால் எல்லாக் கட்டுரைகளும் கோழி விழுந்த பிறகுதான் ஆரம்பித்தன. நடந்துகொண்டிருந்த நாட்களை இவ்வளவு நெருக்கமாக யாரும் பார்த்திருக்கவில்லை. அது அவளுடையது.

முதலில் அனுப்பிய பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாவது பத்திரிகையின் ஆசிரியர், படங்களை நம்ப முடியவில்லை, சில்லுகளையே அனுப்ப முடியுமா என்று கேட்டார். போடியில் ஏலக்காய் அனுப்பும் சின்ன மரப்பெட்டியைப் பஞ்சு வைத்து நிரப்பி, நடுவில் கண்ணாடிச் சில்லுகளை அடுக்கி அனுப்பினாள். ஒன்றுகூட உடையாமல் போய்ச் சேர்ந்தது. 1972இல் கட்டுரை அச்சானது. எண்ணெய் கிடைத்த இடம் என்ற வரியில் தேனி, ஞானதுரை என்று இருந்தது. முடிவில் தேவாரத்து மக்களுக்கு நன்றி சொல்லியிருந்தது. ஞானதுரை தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

"என் தப்பையும் அச்சுல ஏத்திட்ட."

"எடுத்துறவாப்பா?"

"இருக்கட்டும். அதுவும் சேந்துதான் உண்மை."

சில மாதங்கள் ஒன்றும் இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தம் கேட்கக் காத்திருப்பதுபோல இருந்தது. அப்புறம் ஒரு தபால் அட்டை வந்தது. உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப இயலுமா என்று நாலு வரி. கையெழுத்து. பிராக் நகரத் தபால் முத்திரை. அடுத்த வாரம் ஒசாகாவிலிருந்து ஒன்று. பிறகு புவெனஸ் ஐரிஸ், லைப்சிக், கெய்ரோ. தபால்காரர் பலவேசம் கடைவாசலிலேயே நின்று, "இது எந்த நாடு மொதலாளி?" என்று கேட்காமல் நகரமாட்டார். ஞானதுரை உலகப் படம் ஒன்று வாங்கிச் சாக்குமூட்டைகளுக்கு மேலே ஒட்டினார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊர்களைத் தேடினார். தவிடு வாங்க வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

ராமுத்தாய் ஒரு நாள் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பனிமூடிய மலை போட்ட தபால்தலை.

"இவுக எதக் கேக்குறாக டீச்சர்? என் கால் எப்படிப் போச்சுன்னா?"

"ஆமா. உன் காலும் இந்தக் கோழிக் காலும்."

"இம்புட்டுத் தூரத்துல இருந்தா?" அவள் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். "நான் கம்பத்தத் தாண்டிப் போனதில்ல. என் காலு போயிருச்சே!"

பத்திரிகைக்காரர்கள் கொடுத்த பிரதிகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. கேட்டவர்களுக்கெல்லாம் கல்லூரி சைக்ளோஸ்டைல் மெஷினில் நகலெடுத்து அனுப்பினாள். அதோடு வகுப்பும் நடந்தது, விடைத்தாளும் திருத்தினாள். ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பவர்களின் ரத்தத்தைப் பற்றி ஒன்று, திராட்சைக்கு அடிக்கிற மருந்து நரம்பை என்ன செய்கிறது என்று ஒன்று, இப்படி அவள் ஆயுளில் எழுதிய கட்டுரைகள் பத்துக்கு மேல் போகவில்லை. பெரிய ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி ஒருவர் ஒரே வருஷத்தில் அதைவிட அதிகம் எழுதிவிடுவார். ஜெபமணிக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

1979இல் ஒரு பயிற்சிக்காக மெட்ராஸ் போனபோது, நூலகர் ஒருவர் அவளை ஓர் அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். செங்கல் தடிமனில் வரிசையாகப் புத்தகங்கள். யார் எழுதியதை யார் யார் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று உலகம் முழுக்கத் திரட்டிப் போட்ட அட்டவணைகள். எழுத்து கடுகைவிடச் சின்னது.

"உங்க பேரத் தேடிப் பாருங்கம்மா" என்றார்.

அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. இருந்தாலும் தேடினாள். அவள் பெயர் இருந்தது. அதன் கீழே 1972 கட்டுரை. அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். அடுத்த வருஷத்துப் புத்தகத்தை எடுத்தாள். இன்னும் நீளமான வரிசை. அதற்கடுத்த வருஷம் இன்னும். முகம் தெரியாத மனிதர்கள், அவள் உச்சரிக்கக்கூடத் தெரியாத பெயர்கள், தங்கள் மேசையில் அவள் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு, 'ஜெபமணி இவ்வாறு கண்டார்' என்று எழுதியிருக்கிறார்கள். நூலகத்துக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கை ஈரமாகிவிட்டது. புத்தகத்தில் படாமல் சேலையில் துடைத்துக்கொண்டாள். தவிட்டு மூட்டைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பார்த்த ஒன்று, இத்தனை அறைகளில் இத்தனை பேர் தலைக்குள் நடமாடிக்கொண்டிருந்ததா!

அந்த வரிசையில் ஒருவர் ஜப்பான்காரர். ஜெபமணி ஓரிடத்தில் தப்பு என்று எழுதியிருந்தார். குஞ்சுகள் தப்பிப்பதற்கு நரம்பின் நீளம் மட்டும் காரணமல்ல, இளம் நரம்பு பழுதைச் சீக்கிரம் சரிக்கட்டிக்கொள்கிறது என்பது அவர் கட்சி. தேனிக்குத் திரும்பி அதைச் சோதித்துப் பார்த்தாள். அவர் சொன்னதுதான் சரி. அவர் சரி, நான் பார்த்தது பாதி என்று ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பினாள். அதையும் எடுத்துக் காட்டினார்கள்.

1984ஆம் வருஷம் மார்கழியில் ஒரு வெளிநாட்டு டாக்டர் டாக்சியில் வந்து தவிட்டுக் கடை முன்னால் இறங்கினார். மதுரையில் ஏதோ மாநாட்டுக்கு வந்தவர். கடல் தாண்டி ஒரு துறைமுக ஊரில் வேலை. உயரமாக, கறுப்பாக, கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு வியர்வையோடு நின்றார். ஆங்கிலத்தில், மெதுவாகப் பேசினார். ஜெபமணி அப்பாவுக்கும் ராமுத்தாய்க்கும் தமிழில் சொன்னாள்.

இரண்டு வருஷம் முன்பு அவர் ஊரில் ஒரு தெருவில் மட்டும் வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மறந்திருப்பார்கள். அவருக்கோ எப்போதோ படித்த ஜெபமணியின் கட்டுரை நினைவுக்கு வந்தது. நடந்துகொண்டிருக்கும் நாட்கள். என்ன சமைத்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். எல்லாரும் ஒரே கடை எண்ணெய். கப்பலில் வந்த டிரம். யார் காலும் அதுவரை விழவில்லை. அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அதிகாரிகளோடு மல்லுக்கட்டி அந்தக் கடையையும் கிட்டங்கியையும் பூட்டவைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சிலருக்குக் கால் விழுந்தது. பெரும்பாலோர் கொஞ்சமாகச் சாப்பிட்டிருந்ததால் தேறிவிட்டார்கள். மிச்ச டிரம்கள் ஊர் முழுவதற்கும் போக இருந்தவை.

"ஊர் முழுக்கன்னா?" என்று ராமுத்தாய் கேட்டாள்.

"நம்ம தேனியப் போல ரெண்டு மூணு ஊராம்."

ராமுத்தாய் கோலை ஊன்றி எழுந்தாள். டாக்டர் அவளைப் பார்த்து ஜெபமணியிடம் ஏதோ கேட்டார். கட்டுரையில் இருபத்திரண்டு வயதுப் பெண் என்று எழுதியிருந்தது இவரா என்று கேட்டார். ஆமாம் என்றதும் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. ராமுத்தாய்க்குக் கூச்சமாகிவிட்டது.

"காப்பி குடிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

ஞானதுரைக்கு அப்போது எழுபத்தாறு வயது. காது மந்தம். மகள் சொன்னதையெல்லாம் கையைக் காதருகே குவித்துக் கேட்டவர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்கன எண்ணெய் வித்தவரு என்ன ஆனாரு?"

ஜெபமணி கேட்டுச் சொன்னாள். அந்தக் கடைக்காரருக்கும் டிரம்மில் என்ன இருந்ததென்று தெரியாது. கடை இப்போது மறுபடி திறந்திருக்கிறது. டாக்டர் வீட்டுக்கு எண்ணெய் அங்கேதான் வாங்குகிறார்கள். தெருக்காரர்கள் அவரோடு பேசுகிறார்கள்.

ஞானதுரை தலையாட்டினார். மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஜெபமணி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இந்தப் பதினேழு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

டாக்டருக்குக் கொட்டகையைக் காட்டினாள். வெள்ளிச் சாயம் ஏற்றும் விதத்தைக் கேட்டார். செய்து காட்டினாள். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் மைக்ராஸ்கோப்பில் மாறி மாறிக் கண்ணை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்சி டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான். மறுநாள் காலை முதல் பீரியட் அவளுக்கு வகுப்பு இருந்தது. முதலாண்டு மாணவிகளுக்கு நரம்பு மண்டலம். கரும்பலகையில் முதுகெலும்பிலிருந்து கால்விரல் வரை ஒரே கோடாக இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

"இது எவ்வளவு நீளம்னு யாராவது யோசிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.